எழுபதுகளின் தலைசிறந்த இசைக்குழு எது?

எழுபதுகளில் மேனாட்டை ஆண்ட ராக், பாப் இசைக்குழுக்களுள் தலைசிறந்தது எது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நம் சங்கத்து இல்லங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் இதனைக் கிளப்புகின்றனர். பெரியவர்களோ ‘எல்லாம் இரைச்சல்’ என்று கையை உதறிவிடுகின்றனர். யானும் ஒரு காலத்தில் பெரியவர் கட்சியே. செவிகொடுத்துக் கேட்ட பின்னர் கட்சி மாறினேன்.

விற்பனையை அளவுகோலாகக் கொண்டால் வழக்கு குழம்பும். பிங்க் பிளாய்ட் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆப் தி மூன்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே வாரம். ஆயினும் 1988 வரையில் 741 வாரங்கள் அப்பட்டியலில் இடம் பெற்றது. இவ்விரண்டில் எதனைப் பெருமை என்பது? 1974-இல் யூரோவிஷன் போட்டியில் வென்ற சுவீடன் நாட்டு ஆபாவுக்கும், குவீனுக்கும் வழக்காடுவோர் பலர். குவீனின் பாடகர் பிரெடி மெர்க்குரி நம் பாஞ்ச்கனியில் பள்ளிப்படிப்புப் படித்த பார்சி இளைஞர் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் அதற்காக வாக்களித்தல் நடுநிலை ஆகாது.

பாடகர் வேறு, குழு வேறு. ஒருவரின்றி மற்றவர் இல்லை என்னும் நிலையே குழு. லெட் செப்பெலின் குழுவின் முரசு வாசிப்பாளர் ஜான் பானம் 1980 செப்டம்பரில் மறைந்தார். அவருக்கு மாற்றாள் தேடாமல், டிசம்பரிலேயே ஏனையோர் குழுவைக் கலைத்துவிட்டனர். அவர்களே சிறந்தோர் என்பாரை யான் மறுக்கத் தயங்குவேன்.

எனினும் என் வாக்கு பிளீட்வுட் மேக் குழுவிற்கே. 1977-இல் வெளிவந்த ‘ரூமர்ஸ்’ உருவான கதையைக் கேளுங்கள். குழுவினர் ஐவர். அவர்களுள் ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் மணவிலக்குப் பெறும் நிலையில் இருந்தனர். லிண்ட்சே பக்கிங்காமும் ஸ்டீவி நிக்ஸும் காதல் முறிந்து நின்றனர். மிக் பிளீட்வுட்டின் இல்லறமும் சிதைந்துகொண்டிருந்தது. பிரிந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருக்க வழியில்லை. ஒரே ஒலிப்பதிவுக் கூடம். பக்கிங்காம் தம் சினத்தையெல்லாம் ‘கோ யுவர் ஓன் வே’ என்னும் பாட்டாக்கினார். அதில் ஓர் அடி தம்மைப் பழிப்பதாக நிக்ஸ் மனம் நொந்தார். ஆயினும் அதே பாட்டில் அவருடன் குரல் சேர்த்துப் பாடினார். கிறிஸ்டின் தம் புதிய காதலரை எண்ணி ஒரு பாட்டு இயற்றி, அது தம் நாயைப் பற்றியது என்று கணவரிடம் சொல்லிவைத்தாராம்! கணவரும் அதற்குப் பேஸ் கிதார் வாசித்தார். நம் வீட்டுத் திருமணங்களில் பேச்சுவார்த்தை அற்ற பங்காளிகள் ஒரே பந்தலில் பரிமாறுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் 31 வாரங்கள் முதலிடம் வகித்தது. 1978-இல் கிராமி விருதும் பெற்றது. பின்னாளில் அவர்களும் பிரிந்தனர், கூடினர், மீண்டும் பிரிந்தனர். கிறிஸ்டின் 2022-இல் காலமானார். இவை என் கட்சிக்கு எதிரான சான்றுகள் என்று செப்பெலின் அன்பர்கள் கூறுவர், கூறட்டும்.

அவர்கள் ‘தி செயின்’ பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு வரவேண்டும். அவ்விசைத்தட்டில் ஐவர் பெயரிலும் அமைந்த பாட்டு அது ஒன்றே. நடுவே எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. பாட்டு முடிந்தது என்று எண்ணும் வேளையில், ஜான் மெக்வீயின் பேஸ் கிதார் மட்டும் தனியே எழுகிறது. பின்னர் ஒவ்வொருவராக வந்து அதனுடன் சேர்ந்துகொள்கின்றனர்.