கோடியக்கரை: இரண்டு சென்டிமீட்டர் நீரின் கணக்கு

முதலில் பரப்பளவு. வெளிமான்களுக்காக 1967-இல் கோடியக்கரையில் அறிவித்த சரணாலயம் 17.26 சதுர கிலோமீட்டர். 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறிய, இதை உள்ளடக்கிய ஈரநிலமோ 38,500 ஹெக்டேர், அதாவது 385 சதுர கிலோமீட்டர். முன்னது பின்னதில் நூற்றுக்கு நாலரை. சரணாலயத்து மானையும் அங்கே திரியும் குதிரையையும் பார்த்துவிட்டு அந்த நாலரையோடு திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆதங்கம். மிச்சமெல்லாம் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, தலைஞாயிற்றுக் காடு, முத்துப்பேட்டை அலையாத்தி, உப்பளம். பனிக்காலப் பறவைகளின் பெருங்கூட்டம் அந்தப் பக்கம்தான்.

அங்கே போக நம் பயணச் செலவு சிறிது: திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் ரயில், பிறகு கொஞ்ச தூரம் சாலை.

பனிக்காலத்தில் அங்கே வரும் சிறு பறவையான கொசு உள்ளானின் செலவைப் பாருங்கள். எடை 20 முதல் 30 கிராம். முட்டையிடுவது ஆர்க்டிக் துந்திரத்தில், வட அட்சம் 70 பாகையை ஒட்டி. கோடியக்கரை 10 பாகையில். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 60 பாகைக்கு 6,660. போக வர 13,000-க்கு மேல், அதுவும் வளையாமல் பறந்தால். எரிபொருள் உடம்பில் ஏற்றிய கொழுப்பு; கிராமுக்கு 9 கிலோகலோரி. அந்தக் கொழுப்பு சேற்றுப் புழுவிலும் பூச்சியிலும் இருந்து வரவேண்டும். இரை தேட நடக்கிற கீழ்க்கால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான். நீர் 10 சென்டிமீட்டர் ஏறினால் ஆளின் மார்பளவு நிற்கும் பூநாரைக்குக் கவலையில்லை; உள்ளானுக்கு அந்தச் சதுப்பு பூட்டிய களஞ்சியம்.

உப்பளத்திலும் பாத்திக்குப் பாத்தி கணக்கு வேறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வெயிலில் வற்றிப் பத்தில் ஒரு பங்கானால் உப்புப் பூக்கும். அந்தப் பாத்தியில் பறவைக்கு இரையில்லை. அதற்கு முந்தைய, பாதி காய்ந்த பாத்திகளில்தான் உவர்நீர் இறால் பெருகும், பறவை இறங்கும்.

எனவே நேரத்தைச் சதுப்புக்கு ஒதுக்குங்கள். எட்டு மடங்கு இருநோக்கியில் 400 மீட்டர் தூரத்துக் கூட்டம் 50 மீட்டரில் தெரியும். கிட்டே போய்க் கிளப்பிவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பில்தான் கழிகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதத்தில் நீர் வடிந்து சேறு தலைகாட்டும்போது போவது நல்லது.