கார்ட்டரின் நீலச் சூட்டு

கொலைகாரன் எப்படி உடுத்துவான் என்று கேட்டால், பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த நாம் உடனே விடை சொல்லிவிடுவோம். கழுத்தில் ஒரு கைக்குட்டை. உடலை இறுக்கும் கோடு போட்ட பனியன். கன்னத்தில் பெரிய மச்சம். அவன் வாய் திறக்கும் முன்பே கொட்டகையில் உள்ள குழந்தைக்கும் அவன் இன்னான் என்பது தெரிந்துவிடும். 1971-ல் வெளிவந்த ‘கெட் கார்ட்டர்’ என்னும் பிரிட்டிஷ் படத்தில் அந்த வசதி நமக்கு இல்லை. அதில் வரும் ஜாக் கார்ட்டர் ஊரிலேயே நேர்த்தியாக உடுத்தியவன். ஊரிலேயே பொல்லாதவனும் அவன்தான்.

நம் சங்கத்தின் திரைப்பட வட்டத்தில் இப்படத்தைக் காட்டிய நாள் முதல் விடுதியில் ஒரே பேச்சு. படத்தைப் பற்றி அல்ல, சூட்டைப் பற்றி! வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் நெருங்கும் காலமாகையால் அதில் வியப்பில்லை. நம்மில் பலர் வாழ்நாளில் முதன்முறையாகச் சூட்டு அணியப் போகிறோம். சிலர் வாடகைக்கு எடுத்து அணியப் போகிறோம். ஆகவே அந்த நீலச் சூட்டின் வரலாற்றையும், படத்தில் அது செய்யும் வேலையையும் எனக்குத் தெரிந்த அளவில் நண்பர்களுக்கு எடுத்துரைக்க முற்படுகிறேன்.

கதை சிறியது. டெட் லூயிஸ் எழுதி 1970-ல் வெளியான நாவலைத் தழுவி மைக் ஹாட்ஜஸ் இயக்கிய படம் இது. லண்டனில் குண்டர் முதலாளிகளிடம் அடியாளாக இருக்கும் கார்ட்டர், தன் சகோதரன் இறந்த செய்தி கேட்டுப் பிறந்த ஊராகிய நியூகாஸிலுக்கு ரயிலேறுகிறான். சகோதரன் குடித்துவிட்டுக் காரோடு ஆற்றில் விழுந்தான் என்கிறார்கள். கார்ட்டர் அதை நம்பவில்லை. துருவிக் கேட்கிறான், அடிக்கிறான், பிறகு ஒவ்வொருவராகக் கொல்கிறான். அவ்வளவுதான்.

இந்தச் சில நாட்களில் அவன் அணிவது ஏறக்குறைய ஒரே உடை: கருநீல நிறத்தில் கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, கால்சட்டை என மூன்றும் ஒரே துணியில் தைத்த சூட்டு. வெளிர்நீலச் சட்டை, கறுப்பு டை. வெளியே கிளம்பினால் மேலே ஒரு மழைக்கோட்டு. படத்தின் உடையமைப்பாளர் எவாஞ்சலின் ஹாரிசன் என்ற பெண்மணி. ஆனால் இந்தச் சூட்டைத் தைத்தவர் லண்டனில் மவுண்ட் தெருவில் கடை வைத்திருந்த டக்ளஸ் ஹேவர்டு. 1969-ல் வந்த ‘தி இட்டாலியன் ஜாப்’ படத்திலும் கதாநாயகன் மைக்கேல் கேய்னுக்குத் தைத்துக் கொடுத்தவர் அவரே.

ஹேவர்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். லண்டனில் மேட்டுக்குடியினர் சூட்டு தைத்துக் கொள்ளும் தெரு ஸாவில் ரோ. தந்தை தைத்த கடையிலே மகனும் தைப்பது அங்கே வழக்கம். புதுப் பணம் படைத்தவன் உள்ளே நுழைந்தால் சற்றே தயங்கி நிற்க வேண்டிய இடம் அது. 1960-களில் நடிகர்களும் புகைப்படக்காரர்களும் முடிவெட்டுபவர்களும் பெரும் பணம் சம்பாதிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தயக்கமில்லாமல் போய் உட்கார்ந்து பேசிச் சிரித்துத் தைத்துக் கொள்ள ஒரு கடை வேண்டியிருந்தது. தாமும் எளிய குடும்பத்தில் பிறந்தவரான ஹேவர்டின் கடை அப்படிப்பட்டதாயிற்று. கேய்னின் தந்தை லண்டன் மீன் சந்தையில் கூலி. தாய் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தவர். ஆக, அந்தச் சூட்டைத் தைத்தவரும் அணிந்தவரும் அப்படிப்பட்ட சூட்டு தங்கள் தந்தையர் தோளில் ஏறக் காணாதவர்கள். அணியும் பாத்திரமும் அவ்வாறே. மூன்று பேருக்கும் அந்தத் துணியின் பொருள் ஒன்றுதான்: நான் அங்கிருந்து புறப்பட்டு வந்துவிட்டேன் என்பது.

துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மொஹேர். அங்கோரா ஆட்டின் மயிரிலிருந்து எடுக்கும் இழை. செம்மறியின் கம்பளியோடு கலந்து நெய்வார்கள். செம்மறிக் கம்பளியின் இழை சுருண்டு மென்மையாக இருக்கும். மொஹேர் இழையோ வழவழப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, ஒளி பட்டால் ஒரு மினுக்கு. இரண்டாவது, கசங்கினாலும் விரைவில் நிமிர்ந்துகொள்ளும். நீண்ட ரயில் பயணம் செய்து, அடிதடி செய்து, கார் ஓட்டி, மாடிப்படி ஏறி இறங்கிய பின்பும் கார்ட்டரின் கோட்டு விறைப்பாக நிற்கிறதே, அது வெறும் சினிமாப் பொய் அன்று. ஆனால் தையற்காரனுக்கு இத்துணி ஒரு சோதனை. கம்பளியைப் போல நீராவியும் இஸ்திரியும் வைத்து இழுத்து வளைத்துத் தன் இஷ்டத்துக்குக் கொண்டுவர முடியாது. வெட்டும்போதே சரியாக வெட்டியாக வேண்டும். 1960-களில் லண்டன் இளைஞர்கள் இந்த மினுக்குக்காகவே மொஹேரை விரும்பினார்கள். பழைய கனவான்களுக்கு அது சற்றே ‘பகட்டு’. கார்ட்டருக்கு அந்தத் துணியைத் தேர்ந்தது எத்தனை பொருத்தம் பாருங்கள்! எட்ட நின்றால் கனவான்; கிட்டப் போனால் மினுக்கு.

வெட்டும் அப்படியே. கோட்டின் பின்புறம் இருபுறமும் நீண்ட பிளவுகள். கால்சட்டை அடியில் இலேசாக அகலம். 1970-களில் பின்னால் வந்த படங்களில் கழுத்துப் பட்டிகள் யானைக் காது அளவுக்கு வளர்ந்தனவே, அந்தக் கோலம் இதில் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தச் சூட்டு கேலிக்கிடமாகாமல் இருப்பதற்கு அந்த அடக்கமே காரணம் என்பது என் கருத்து.

இனி, படத்தில் அது செய்யும் வேலை. கார்ட்டர் நியூகாஸிலில் பிறந்தவன் என்கிறது கதை. கேய்னோ படம் முழுவதும் லண்டன் கொச்சையே பேசுகிறார். வடநாட்டு உச்சரிப்பு ஒரு சொல்லிலும் இல்லை. பலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. அவன் ஊரை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டான் என்பதைப் பேச்சும் உடையும் சேர்ந்தே சொல்கின்றன. ஊருக்கு வந்ததும் அவன் நுழையும் மதுக்கடைக் காட்சியை நினைவுகூருங்கள். உள்ளே அவ்வூர்க்காரர்கள் நின்று குடித்துக் கொண்டிருக்கிறார்கள். இவன் பீர் கேட்கிறான். அதையும் ‘மெல்லிய கண்ணாடித் தம்ளரில்’ வேண்டும் என்கிறான். அந்தச் சூட்டுக்குக் கைப்பிடி வைத்த தடித்த தம்ளர் ஒத்துவராது போலும்! கடைக்காரர்கள் அவனை ஒரு பார்வை பார்க்கிறார்கள். சொந்த ஊரில் அவன் விருந்தாளிகூட அல்லன், அந்நியன். விடுமுறைக்கு ஊருக்குப் போய், ‘என்னப்பா, ஆளே மாறிவிட்டாயே’ என்று கேட்கப்பட்டவர்களுக்கு இந்தப் பார்வையை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களின் உடையும் கவனிக்கத்தக்கது. கார்ட்டர் தேடும் எரிக் என்பவனைக் குதிரைப் பந்தயத் திடலில் சந்திக்கிறான். அவன் கார் ஓட்டியின் சீருடையில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நிற்கிறான். கார்ட்டர் சிரித்துக்கொண்டே கைநீட்டி அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறான். அடியில்லை, உதையில்லை. ஆயினும் படத்திலேயே எனக்கு மிகவும் அச்சமூட்டிய செயல் அதுதான். ஒருவன் அணிந்திருப்பதைக் கேளாமல் கழற்றுவது அவனை அடிப்பதை விடப் பெரிய அவமானம் அல்லவா?

அந்த அவமானம் கார்ட்டரை நோக்கியும் திரும்புகிறது. லண்டன் முதலாளிகள் அனுப்பிய இருவர், அவன் வீட்டுக்காரியோடு படுத்திருக்கும் நேரத்தில் அறைக்குள் புகுந்துவிடுகிறார்கள். உடுத்த அவகாசமில்லை. கட்டிலுக்கடியிலிருந்து இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து, பிறந்த மேனியாகவே அவர்களைத் தெரு வரைக்கும் துரத்துகிறான். அப்போது தெருவில் சிறுபிள்ளைகளின் வாத்தியக் குழு ஒன்று பளபளக்கும் சீருடையில் அணிவகுத்துப் போகிறது! சிரிப்பு வருகிறது, சிரித்து முடிக்கும் முன் ஒரு எண்ணமும் வருகிறது. சூட்டு இல்லாவிட்டாலும் அவன் அதே கார்ட்டர்தான். கையில் துப்பாக்கி இருக்கிறது. முகத்தில் வெட்கம் இல்லை. அப்படியானால் அந்தச் சூட்டு இத்தனை நேரம் யாருக்காக?

இந்தக் கேள்விக்குக் கேய்னே ஒரு வகையில் விடை கூறியிருக்கிறார். அதுவரை பிரிட்டிஷ் படங்களில் குண்டர்களை முட்டாள்களாகவோ கோமாளிகளாகவோ காட்டினார்கள். தாம் வளர்ந்த தெருக்களில் கண்டவர்கள் இரண்டும் அல்லர் என்பது அவர் கருத்து. லண்டனை ஆட்டிவைத்த கிரே சகோதரர்கள் 1969-ல் தண்டிக்கப்பட்டவர்கள். அவர்களும் கருநிறச் சூட்டும் ஒடுங்கிய டையுமாகவே படமெடுத்துக் கொண்டவர்கள். ஆகவே கார்ட்டரின் நேர்த்தி அலங்காரம் அன்று. கண்டு எழுதிய உண்மை.

ஆனால் விளம்பரக்காரர்களுக்கு இந்த அடக்கம் போதவில்லை. படத்தின் புகழ்பெற்ற சுவரொட்டியில் கேய்ன் பூப்போட்ட கோட்டு அணிந்து துப்பாக்கி ஏந்தி நிற்கிறார். அப்படி ஒரு கோட்டைப் படத்தில் தேடினாலும் காண முடியாது! கருநீலம் விற்காது என்று அஞ்சினார்களோ என்னவோ.

என் அறைத்தோழர் (பெயர் வேண்டாம், அவரும் இவ்விதழைப் படிப்பவர்) படத்திலிருந்து ஒரு காட்சியைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் உள்ள தையற்கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். மாஸ்டர்ஜி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “தைத்துவிடலாம் பேட்டா. இந்தத் துணி கிடைக்காது. கிடைத்தாலும் உனக்குக் கட்டாது. வெட்டு மட்டும் தருகிறேன்” என்றார். பிறகு, “இவர் யார், பெரிய அதிகாரியா?” என்று கேட்டார். நண்பர் சற்றுத் தயங்கி, “ஆமாம், லண்டனில்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தேர்வுக் குழுவின் முன் உட்காரும் அந்த அரைமணி நேரத்தில், தம் தந்தை எந்த வயலில் நிற்கிறார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அஞ்சுகிற பிள்ளைக்கு நல்ல தோள் வெட்டு ஒரு கவசந்தான். ஹேவர்டின் கடைக்குள் முதன்முதலில் நுழைந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் நண்பர் விரும்பும் கார்ட்டரையும் படத்தில் உள்ள கார்ட்டரையும் ஒன்றாக எண்ண வேண்டாம் என்றுதான் வழியெல்லாம் அவரோடு வாதாடினேன்.

ஏனெனில் முடிவு அப்படி இருக்கிறது. கரித்தூள் படிந்து கறுத்த ஒரு கடற்கரை. சுரங்கக் கழிவைத் தொட்டிகளில் ஏற்றிக் கம்பிவடத்தில் கொண்டுவந்து கடலில் கொட்டிக் கொண்டிருக்கிறார்கள். கார்ட்டர் மழைக்கோட்டுடன் எரிக்கை விரட்டி வருகிறான். சகோதரனுக்குச் செய்தது போலவே அவன் வாயிலும் விஸ்கியை ஊற்றுகிறான். துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கொல்கிறான். பிணத்தைத் தொட்டியில் போட்டுக் கழிவோடு கழிவாகக் கடலுக்கு அனுப்புகிறான். சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு அடங்கும் முன், தூரத்திலிருந்து வந்த ஒரே தோட்டா நெற்றியில் பாய்கிறது. மவுண்ட் தெருவில் வெட்டித் தைத்த அந்தச் சூட்டு, எந்த ஊரை உதறிவிட்டதாகக் காட்டிற்றோ அந்த ஊர்க் கரியிலும் உப்புநீரிலும் கிடக்கிறது. அலை வந்து நனைத்துப் போகிறது.

2000-ல் அமெரிக்காவில் ஸில்வெஸ்டர் ஸ்டாலோனை வைத்து இதே கதையை மறுபடி எடுத்தார்கள். கேய்னும் அதில் ஒரு வேடம் ஏற்றார். உடையும் உடற்கட்டும் அதில் உண்டு. அந்தக் கடற்கரை இல்லை. மூலப் படத்தில் கார் நிறுத்தும் மாடிக் கட்டடம் ஒன்று வருமே, கேட்ஸ்ஹெட்டில் இருந்த அதையும் 2010-ல் இடித்துவிட்டார்கள்.

படத்தை மறுபடி பார்க்கும் நண்பர்கள் தொடக்கத்து ரயில் காட்சியில் கார்ட்டரை விட்டுவிட்டு அதே பெட்டியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆளைப் பாருங்கள். அவன் உடையில் கண்ணைக் கவர்வது ஒன்றுமில்லை. விரலில் ‘ஜே’ என்ற எழுத்துப் பொறித்த மோதிரம் மட்டும் உண்டு. கடற்கரையில் தூரத்திலிருந்து சுடும் கையிலும் அதே மோதிரம் இருக்கிறது.