கழிவைப் பிரித்தால் கிணறு பிழைக்கும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே தீவாக அமைந்த ஊர் ஸ்ரீரங்கம். ஆற்றோர ஊர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு: சில அடிகள் தோண்டினாலே தண்ணீர் சுரக்கும். ஆனால் அந்தப் பாக்கியத்திலேயே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும் நீரை நம் கழிப்பறைக் குழியும் எளிதில் எட்டிவிடுகிறது.

உறிஞ்சுகுழியின் அடிக்கும், மழைக்காலத்தில் உயரும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் மண் இருக்க வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு. அந்த மண்தான் கிருமிகளை வடிகட்டுகிறது. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் இந்த இடைவெளி பல வேளைகளில் கிடைப்பதில்லை. குழிநீர் கிணற்று நீரோடு கலக்கிறது; வயிற்றுப்போக்கு, காமாலை, டைபாய்டு போன்ற நோய்கள் பரவுகின்றன. இவற்றால் முதலில் துன்புறுவோர் குழந்தைகளே.

முசிறி காட்டிய வழி

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், காவிரியின் வடகரையில் உள்ளது முசிறி. அங்கே 'ஸ்கோப்' என்னும் தொண்டு நிறுவனம், சாலியர் தெருவில் 2006-ஆம் ஆண்டு ஒரு பொதுக் கழிப்பறையைத் திறந்தது. அதன் நிறுவனர் திரு. சுப்புராமன் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

அதன் தத்துவம் எளியது: கலந்த பிறகு சுத்திகரிப்பதைவிட, கலக்காமல் பிரிப்பதே நலம். மலம், சிறுநீர், கழுவும் நீர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வழி. தரைக்கு மேலே கட்டப்பட்ட அறையில் மலம் விழுகிறது. ஒவ்வொரு முறையும் அதன்மேல் சாம்பல் தூவப்படுகிறது. ஈரம் வற்றுகிறது, நாற்றமும் ஈயும் அகல்கின்றன. ஓர் அறை நிறைந்ததும் அதை மூடிவிட்டு, அடுத்த அறையைப் பயன்படுத்துகிறார்கள். மூடிய அறையில் உள்ளது பல மாதங்களில் மக்கி எருவாகிறது. கழுவும் நீர் கல்வாழை முதலிய செடிகள் வளரும் பாத்திக்குச் செல்கிறது.

சிறுநீரும் வீணாவதில்லை. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. முசிறியில் சேகரித்த சிறுநீரை வாழைப் பயிருக்கு உரமாக இட்டுச் சோதித்தார்கள். கழிப்பறைக்கு வருவோரிடம் காசு வாங்கும் வழக்கத்திற்கு மாறாக, அங்கே ஒரு தடவைக்கு 10 பைசா கொடுத்தார்கள்! மக்கள் வியந்தார்கள்; ஆனால் வந்தார்கள்.

கடலோரத்திலும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான காமேசுவரத்திலும் இவ்வகைக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. மணற்பாங்கான பூமியில், நல்ல நீர் மேலாகவே இருக்கும் இடத்தில், குழி தோண்டாத கழிப்பறையே குடிநீருக்குக் காவல்.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. மலம் விழும் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் மக்குதல் கெடும், நாற்றம் எழும். விருந்தினருக்கும் பிள்ளைகளுக்கும் முறையைப் பொறுமையாகக் கற்பிக்க வேண்டும். கற்பிக்காத வீட்டில் அது விறகு அடுக்கும் அறையாகிவிடும். எருவையும் சிறுநீரையும் உரிய காலம் மூடிவைத்த பின்னரே நிலத்தில் இட வேண்டும்.

இதில் மனித மாண்பும் அடங்கியிருக்கிறது. மலத்தை மனிதர் கையால் அள்ளும் கொடுமையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் செப்டிக் தொட்டிக்குள் இறங்கி உயிர் விடுவோரின் செய்திகள் நின்றபாடில்லை. நன்கு மக்கிய எருவை அகற்ற எவரும் விஷவாயுக் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை.

முசிறியைக் கடந்த காவிரிதான் முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சூழ்கிறது. திருச்சி நகரமும் அந்த ஆற்று மணலின் ஊற்று நீரையே பருகுகிறது. மேலூரார் காட்டும் அக்கறை கீழூராரின் குவளையில் தெரிகிறது; நம் அக்கறையோ நமக்கும் கீழே தஞ்சை வரை வாழ்வோரின் குவளையில் தெரியும். ஆகவே குடும்பத் தலைவர்களே, தலைவியரே, நம் வீட்டுக் குழி எவ்வளவு ஆழம், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை இந்த வாரமே அளந்து பாருங்கள்.