புஸ்வாணத்தில் கிளம்பும் விண்கலம்!

விண்வெளிப் படம் என்றால் கோடிகள் வேண்டும் என்று நினைக்கிறீர்களா? 1963-லேயே ‘கலை அரசி’ படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிப் போனார்கள். 1974-ல் வந்த ‘டார்க் ஸ்டார்’ காமெடிப் படத்திலோ வேற்றுக்கிரக ஜந்து, சாயம் பூசிய ஒரு கடற்கரைப் பந்து! அதனோடு மல்லுக்கட்டி விண்வெளி வீரர் லிஃப்ட் குழியில் தொங்குகிறார். பந்து என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தமாஷே அதுதான்.

சிவகாசி வாசகர்களுக்கு இன்னும் சுலபம். இரவில் புஸ்வாணத்தைத் தள்ளி நின்று மொபைலில் வீடியோ எடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றவும். ‘ஷாட்கட்’ என்ற இலவச மென்பொருளில் அதை 180 டிகிரி திருப்பவும். (நிஜப் புஸ்வாணத்தைக் கவிழ்த்துவிடாதீர்கள்!) விண்கலப் படத்துக்கு மேல் டிராக்கில் வைத்து, ‘பிளெண்ட் மோட்’டில் ‘ஸ்கிரீன்’ கொடுத்தால் கறுப்பு மறைந்து தீ மட்டும் தெரியும். விண்கலம் தகர டப்பாவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. பைலட்டாக நடிப்பவர் மட்டும் சிரிக்கக் கூடாது.