அன்றாட ஒழுங்குக்குத் திறன்பேசி

திறன்பேசி என்பது தொலைபேசியுடன் நாட்காட்டி, முகவரிப் பட்டியல், குறிப்பேடு ஆகியவற்றையும் ஒருங்கே கொண்ட கைக்கருவியாகும். 1994இல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் கருவியிலேயே இவை இருந்தன.

இது ஒருவருக்குத் தேவையா என்பது அவர் மறப்பது எதை என்பதைப் பொறுத்தது. மருந்து வேளை, மின்கட்டணக் கடைசி நாள் போன்றவற்றை உரிய நேரத்தில் ஒலித்து நினைவூட்டத் திறன்பேசியே ஏற்றது. தாள் தானாகக் குரல் கொடுக்காது. பால் கணக்கு, எரிவாயு உருளை மாற்றிய நாள் என வீட்டார் அனைவரும் பார்க்க வேண்டியவற்றுக்குச் சுவர் நாட்காட்டியே போதும்.

ஒரு வாரம் மறந்தவற்றைக் குறித்துவந்தால் தேவை எதுவெனத் தெரியும். எழுதியும் நேரம் தவறியவை மிகுதியானால் திறன்பேசி உதவும்; எழுதாமலே விட்டவை மிகுதியானால் எந்தக் கருவியும் உதவாது.

மின்கலம் தீர்ந்தால் குறிப்புகளும் கைக்கு எட்டா. எனவே மருந்துப் பட்டியலையும் முக்கியமான தொலைபேசி எண்களையும் தாளிலும் எழுதி வைத்தல் நன்று.