பருப்பும் சோறும் சாப்பிட்டு எவரெஸ்ட் ஏறலாமா?

'கறி, முட்டை இல்லாமல் உடம்புக்குத் தெம்பு எப்படி வரும்?' ஜிம்முக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. மும்பையைச் சேர்ந்த குந்தல் ஜோய்ஷர் அதற்குப் பதிலாகவே நிற்கிறார். பால், தயிர்கூடத் தொடாத வீகன் அவர்.

எவரெஸ்ட் ஏற 2014-ல் போனபோது பனிச்சரிவு. 2015-ல் நேபாள நிலநடுக்கம். விடாமல் மூன்றாவது முறையாகப் போய், 2016 மே மாதம் உச்சியைத் தொட்டார். ஆனால், குளிருக்குப் போட்டிருந்த உடையில் பறவை இறகு இருந்தது மனதை உறுத்தியது. செயற்கை இழையில் செய்த உடையோடு 2019-ல் திபெத் பக்கமாக மறுபடியும் ஏறினார்!

அதே 2016 மே மாதத்தில்தான், எவரெஸ்ட் ஏறப்போன ஆஸ்திரேலிய வீகன் மரியா ஸ்ட்ரைடம் உயிரிழந்தார். உடனே உணவுமீது பழி போட்டவர்கள் உண்டு. அவரைத் தாக்கியதோ, அதிக உயரத்தில் வரும் மலை நோய். கறி சாப்பிடுகிறவர்களையும் அது விடாது.

மேலே போகப் போகப் பசி மந்தமாகும். சோறு, உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்துதான் அங்கே சுலபமாக இறங்கும். நேபாள மலைப்பாதைகளில் எங்கும் கிடைப்பது 'தால் பாத்'. நம்ம பருப்புச் சோறேதான்.

வீகனாக மாறுகிறவர்கள் பி12-ஐ மறக்கவே கூடாது. செடிகொடி உணவில் அது போதிய அளவு கிடைக்காது. மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ எடுத்தாக வேண்டும். கொண்டைக்கடலை சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால், அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கையோடு காபி மட்டும் வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.