சிறார் உணர்ச்சியும் அதன் நிலைக்களனும்

வகுப்பிலே ஒரு சிறுவன் அயலில் இருந்தவனை அடித்துவிடுகின்றான். ஏன் அடித்தாய் என ஆசிரியர் வினவுகின்றார். சிறுவன் வாய் திறவாது நிற்கின்றான். அம்மௌனத்தை நாம் பெரும்பாலும் பிடிவாதம் என்றே கொள்கின்றோம். உண்மை பலகால் அதுவன்று. தன் உள்ளத்தெழுந்தது இன்னதென்றும், அஃது எதனால் எழுந்ததென்றும் அவன் அறியான். அறியாததைக் கூறுமாறு கேட்கின்றோம், கூறாமைக்காகத் தண்டிக்கின்றோம். இது பன்முறை நிகழுமாயின், தான் கெட்டவன் என்னும் ஒன்றையே அவன் கற்றுக்கொள்வான். ஆதலின், தம் உணர்ச்சியின் காரணத்தைச் சிறுவர் தாமே கண்டறியப் பயிற்றுதல் ஆரம்பக் கல்வியின் கடமைகளுள் ஒன்றென்பதே ஈண்டு நாம் கூறக் கருதியது.

இக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டினை வகுத்து, ஒவ்வொன்றும் பிறத்தற்கு நந்நான்கு நிலைக்களன்களையும் கூறினார். அழுகை பிறரால் இகழப்படுதலாலும் வரும். உரியதை இழத்தலாலும் வரும். முன்னை நிலை தளர்தலாலும் வறுமையாலும் வரும். கண்ணீர் ஒன்றே, அதன் தோற்றுவாய் பல. உள்ளத்து நிகழ்வது உடலிலே புலப்படும் என்பதும் மெய்ப்பாடு என்னும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

எனவே, உடற்குறியை உணர்தல் முதற்படியாம். கை இறுகுதல், முகம் வெதும்புதல், நெஞ்சு படபடத்தல், வயிறு பிசைதல் என்பனவற்றை ஐந்து வயதுப் பிள்ளையும் சுட்டிக் காட்ட வல்லது. சினம் மூளுமுன் அதன் வரவை இக்குறிகளே அறிவிக்கும்.

பெயரிடுதல் இரண்டாம் படி. சிறுவர் எல்லாவற்றையும் கோபம் என்றே கூறுவர். வெட்கம், பொறாமை, ஏமாற்றம், அச்சம் ஆகியனவும் கோபத்தின் வேடம் பூண்டு வருதலுண்டு. இச்சொற்களை அறிந்த பிள்ளைக்கே தன் நிலையைப் பகுத்தறிதல் கூடும். மத்தியு லீபர்மன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் தோழரும் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று, படத்திலுள்ள முகத்தின் உணர்ச்சிக்குச் சொல்லாற் பெயரிட்ட காலை, அச்சம் முதலியவற்றோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதியின் கிளர்ச்சி தணிந்ததைக் காட்டிற்று. அவ்வாய்வு வளர்ந்தோரிடத்துச் செய்யப்பட்டதாயினும், பெயரிடுதலின் பயனை உணர்த்தப் போதியது.

காரணம் தேடுதல் மூன்றாம் படி. இதுவே அரியது. சினம் தணிந்த பின்னரே இதனைத் தொடங்கல் வேண்டும். ஏன் என்னும் வினா குற்றஞ்சாட்டுவது போல ஒலிக்கும். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று வினவுதலே தக்கது. பென்சிலைப் பறித்தான், அடித்தேன் என்பான். அதற்கு முன்? இடைவேளை விளையாட்டிலே தோற்றான். அதற்கும் முன்? காலையுணவு உண்ணாது வந்தான். பென்சில் தீப்பொறி, பசியும் தோல்வியும் உலர்ந்த சருகு. இவற்றை நான்கு கட்டங்களிற் படமாக வரையச் செய்தால், சொல்ல இயலாத பிள்ளையும் காட்டிவிடும். புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் ஐந்தாந்தரப் பிள்ளைகளிடத்துத் துயிற்குறையும், பிறரோடு ஒப்பிடப்படுதலும் இத்தகைய சருகாகக் கிடத்தலை நாம் மறத்தலாகாது.

தன் கதையைக் கூற நாணும் பிள்ளை பிறர் கதையைக் கூறும். துருவன் சரிதம் இதற்கு மிகவும் ஏற்றது. தந்தை மடியிலே அமர விழைந்த ஐந்து வயதுப் பாலகனைச் சிற்றன்னை சுருசி இகழ்ந்து விலக்கினாள். அவனுக்கு எழுந்தது சினமா, துயரமா, அவமானமா? அதனைத் தூண்டியது மடி கிடையாமையா, அவள் கூறிய சொல்லா? இவ்வாறு வினவின் வகுப்பே விடை கூற முந்தும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காரணம் அறிதல் செயலுக்கு மன்னிப்பாகாது. சினத்தல் குற்றமன்று, அடித்தல் குற்றமே. அடிபட்டவனிடம் மன்னிப்புக் கேட்பித்தலை விட்டுவிடலாகாது. பலர் முன்னிலையில் ஒரு பிள்ளையின் உள்ளத்தைக் கிளறுதலும் தகாது. வீட்டுத் துன்பம் வெளிப்படின் அதனைக் காத்தல் ஆசிரியர் கடன்.

கல்லூரித் தாயின் விழாவிலே கூடும் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர், சிலர் ஆசிரியர். அவர்கள் பெரும்பொருள் ஒன்றும் செலவிட வேண்டுவதில்லை. இல்லத்துப் பிள்ளை சினந்து கதவை அடைக்கும்போது, சற்றுப் பொறுத்து அருகிலிருந்து, என்ன நடந்தது என்று கேட்டு, அது கூறி முடிக்கும்வரை இடைமறியாது செவிசாய்ப்பாராக.